கரையேறும் கலமும் தமிழ்ப் புலவரும்

'கரையேறுதல்' என்னும் சொல் தமிழில் துன்பம் தீர்தலைக் குறிக்கும். பிறவியைக் கடலாகவும் இறைவன் திருவடியைக் கரையாகவும் கண்ட சமய மரபு அச்சொல்லுக்கு அப்பொருளைத் தந்தது. கடன் தீர்ந்தவனையும், பெண்மக்களை மணமுடித்துக் கொடுத்த தந்தையையும் 'ஒருவாறு கரையேறிவிட்டான்' என்றே ஊரார் சொல்வர். ஆனால் போர்க்கலத்திலிருந்து இறங்கிப் பகைவன் காத்து நிற்கும் மணலில் கால் வைக்கும் வீரனுக்குக் கரை என்பது துன்பத்தின் தொடக்கம். இடுப்பளவு நீரில், படைக்கருவி நனையாதவாறு தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, ஒதுங்குவதற்கு ஒரு புதரும் இல்லாத வெளியில் அவன் நடக்க வேண்டும். கலமும் அவனுக்குத் துணையில்லை. நிலமும் இன்னும் அவனுடையதாகவில்லை. இந்த ஒரு கணத்தைத் தமிழ் இலக்கியம் எங்கே கண்டது, எங்கே காணாது கடந்தது என்பது ஆராயத்தக்கது.

இக்கேள்வியைப் புக்கிட் மெர்தாஜாமில் இருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. வடக்கே மூடா ஆறு. அதற்கும் அப்பால் மெர்போக் கழிமுகமும், கடலோடிகளுக்கு அடையாளமாக நின்ற ஜெராய் மலையும். சோழர் மெய்க்கீர்த்தி கூறும் கடாரம் அந்நிலமே என்பது அறிஞர் துணிபு. மேற்கே குறுகிய நீரிணை. அதன் அக்கரையில் பினாங்குத் தீவு. 1941-ஆம் ஆண்டு இறுதியில் இந்நிலத்தின் ஊடாகவே ஒரு படை பின்வாங்கியது. மற்றொரு படை தொடர்ந்து வந்தது. ஊருக்குள்ளேயே, புனித அன்னாள் ஆலய வளாகத்தில், செரோக் தொக்குன் கல் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலப் படை அதிகாரி உலகுக்கு அறிவித்த அக்கல்லில் பல்லவ எழுத்து வகையைச் சார்ந்த வடமொழிப் பொறிப்பு காணப்படுகிறது. அதைச் சோழன் வெட்டிய கல் என்று மாணாக்கர் எண்ணிவிடலாகாது; அஃது இராசேந்திரனுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. படையெடுப்புக்கு நெடுங்காலம் முன்னரே இக்கரைக்குக் கலங்கள் வந்து போயின என்பதற்கே அது சான்று.

இலக்கணம் கண்ட நீர்ப்போர்

முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம். தொல்காப்பியப் புறத்திணையியல் ஒவ்வொரு புறத்திணையையும் ஓர் அகத்திணைக்குப் புறனாக வகுக்கிறது. இரு வேந்தரும் வலிமையே பொருளாக நேர்நின்று பொரும் தும்பைத் திணையை அது நெய்தலுக்குப் புறனாக்குகிறது. கடற்கரைக்கும் பெரும்போருக்கும் என்ன உறவு? இருபெரும் படைகள் மோதுவதற்கு ஏற்ற பரந்த வெளி, களரும் மணலும் கிடக்கும் நெய்தல் நிலத்தில் தான் வாய்க்கும் என்பது உரைகாரர் காட்டும் காரணங்களுள் ஒன்று. இக்காலப் படைத்தலைவர் கேட்டாலும் மறுக்கமாட்டார். ஆயினும் உரை கூறும் அம்மணலுக்குப் படைகள் வருவது உள்நாட்டிலிருந்து. முதுகுக்குப் பின்னே கடல் இருக்கிறது. கடலிலிருந்து எவரும் வரவில்லை.

நீருக்குள் நிகழும் போரைக் காண வேண்டுமாயின் உழிஞைக்குச் செல்ல வேண்டும். மதிலை முற்றுவோனும் காப்போனும் அகழி நீரில் மோதும் நிலையைத் தொல்காப்பியர் 'பாசி' என்னும் பெயரால் குறிக்கிறார். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையும் 'பாசிநிலை' என ஒரு துறை வகுத்துள்ளது. நீரில் படர்ந்த பாசி ஒன்று விழுந்தால் விலகும். விழுந்தது அமிழ்ந்தவுடன் மீண்டும் கூடும். அதுபோல இருபடையும் ஒதுங்கியும் நெருங்கியும் பொருதலின் அப்பெயர் வந்தது என்பர் உரையாசிரியர். நீர்ப்போரின் இயல்பை இதனினும் செறிவாகச் சொல்லிவிட முடியுமா என்பது ஐயமே. நிலத்தில் வென்ற ஓர் அடி, வென்ற அடியாகவே இருக்கும். நீரில் வென்ற இடம் அடுத்த நொடியில் மூடிக்கொள்ளும். 1944-ஆம் ஆண்டு நார்மண்டிக் கரையில் இறங்கியோரின் நினைவுரைகளில் மீண்டும் மீண்டும் வருவதும் இதுவே: தாம் கடந்துவந்த வழி தம் பின்னே இல்லாமற் போயிற்று என்பது.

ஆக, நீரில் நிகழும் போரைத் தமிழ் இலக்கணம் நுட்பமாக உணர்ந்திருந்தது. அதனை அகழியின் அளவோடு நிறுத்திக்கொண்டது என்பதே குறை.

பெருங்கலமும் கழித்தோணியும்

கடலிலிருந்து கரையேறுவதில் உள்ள முதற்சிக்கல் போர்ச்சிக்கல் அன்று, கலத்தின் சிக்கல். ஆழ்கடலைக் கடக்கும் கலத்துக்கு ஆழ்ந்த அடிப்பாகம் வேண்டும். அவ்வாறு ஆழ்ந்திருப்பின் அது கரையை அணுக இயலாது. கரையைத் தொடும் கலத்துக்குத் தட்டையான அடி வேண்டும். தட்டையாயின் பெருங்கடலின் அலையைத் தாங்காது. உலகப் போர்க்காலப் பொறியாளர் பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்ட வினா இது.

சங்கப் புலவர்க்கு இவ்வினா தெரிந்திருந்தது என்பதைப் புறநானூறே காட்டும். அதன் முப்பதாம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளியின் துறையைப் புகழும்போது, வந்த பெருங்கலம் பாயை இறக்காமலும் மேற்பாரத்தைக் குறைக்காமலும் ஆற்றுமுகத்தில் புகுந்தது என்கிறார். பிற துறைகளில் பாயையும் பாரத்தையும் குறைத்தாலன்றிப் புக முடியாது என்பது இப்புகழ்ச்சியின் உட்பொருள். ஆழமறிந்தவர் பாடிய பாட்டு அது. முசிறியைக் கூறும் முந்நூற்று நாற்பத்து மூன்றாம் பாட்டில், கலங்கள் கொண்டுவந்த பொன் கழியில் செல்லும் சிறு தோணிகளால் கரை சேர்கிறது. பெரிய கலம் வெளியே நிற்க, சிறிய கலம் இடைநின்று இணைக்கும் அம்முறையைப் பினாங்குத் துறைமுகத்தில் தொங்கான்களும் சாம்பான்களும் அண்மைக்காலம் வரை செய்துவந்தன. பொன்னுக்குப் பதிலாக வீரரை ஏற்றினால் அதுவே கரையேறு படகு.

பண்டத்தைக் கரைசேர்த்த தோணியைப் பாடிய மரபு, படையைக் கரைசேர்த்த தோணியைப் பாடவில்லை. பதிற்றுப்பத்து, கடல் கடந்து சென்று பகைவரின் கடம்பை வெட்டிய சேரனைப் போற்றுகிறது. கடலைக் கடந்தான், கடம்பை வெட்டினான். இரண்டுக்கும் நடுவில் உள்ள கரை பாட்டில் இல்லை.

மெய்க்கீர்த்தியின் பாய்ச்சல்

இவ்விடைவெளி மிகத் தெளிவாகத் தெரியும் இடம் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி. கி.பி. 1025-ஆம் ஆண்டளவில் நடந்த கடாரப் படையெடுப்பை அது விரித்துரைக்கிறது. அலைகடலின் நடுவே பல கலங்கள் செலுத்தப்பட்டன என்று தொடங்கி, கடார வேந்தன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை அவன் யானைகளோடு பிடித்ததையும், அவன் சேர்த்துவைத்த செல்வத்தைக் கவர்ந்ததையும் கூறி, ஊர்களை ஒவ்வொன்றாக அடைமொழியோடு அடுக்கிக் கடாரத்தில் வந்து முடிகிறது. கலம் புறப்பட்டது, மன்னன் பிடிபட்டான். இரண்டும் அடுத்தடுத்த தொடர்கள். யானைப்படை வைத்திருந்த ஒரு மன்னனை, கடலிலிருந்து வந்தவர் எவ்வாறு நெருங்கினர்? கழிமுகத்தின் சேற்றில் எப்படி இறங்கினர்? ஓதம் ஏறும் வேளைக்குக் காத்திருந்தனரா? மெய்க்கீர்த்தி வாய் திறப்பதில்லை. கலங்கள் எத்தனை என்பதையும் அது கூறவில்லை; மேடைதோறும் சொல்லப்படும் எண்ணிக்கைகளுக்கு அதில் இடமே இல்லை.

எனினும் மெய்க்கீர்த்தியின் அடைமொழிகளை ஊன்றி நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். மாயிருடிங்கம் ஆழ்கடலையே அகழியாகக் கொண்டது என்கிறது அது. மாப்பப்பாளத்துக்கு மிகுந்த நீர் அரணாயிற்று என்கிறது. கடாரமும் கடலைக் காவலாக உடையது. அதாவது புலவர் கடலைக் கடலாகக் காணவில்லை. மிகப் பெரிய அகழியாகக் கண்டார். தம் கையிலிருந்த உழிஞையின் அளவுகோலை எடுத்து வங்கக் கடலை அளந்தார். அரசவையில் அமர்ந்து பாடியவர்க்கு அது இயல்பு. கடலை அகழியாக்கியபின் பாசித்துறையும் அங்கே வந்திருக்க வேண்டும். அந்த அகழியில் நீரும் போரும் கலந்த ஓரடியாவது பிறந்திருக்க வேண்டும். பிறக்கவில்லை. மெய்க்கீர்த்தி என்பது ஆவணம், காப்பியம் அன்று என்று சிலர் விடை கூறலாம். காப்பியத் தன்மை மிகுந்த கலிங்கத்துப்பரணியும் இவ்வகையில் வேறுபடவில்லையே. காஞ்சியிலிருந்து கலிங்கம் சென்ற கருணாகரனின் படை கடந்த ஆறுகளைச் சயங்கொண்டார் பெயர் பெயராக, சந்தம் துள்ள அடுக்குகிறார். பாலாறு முதல் கோதாவரி வரை எல்லா ஆறுகளும் ஒரே மூச்சில் பின்செல்கின்றன. ஓசையின்பத்தில் குறையில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான வீரரும் யானைகளும் கோதாவரியைக் கடப்பது பெயர் சொல்லும் நேரத்தில் முடியும் செயலன்று.

குகனின் ஆணை

இக்குறையைக் கம்பர் ஓரிடத்தில் நிறைவு செய்கிறார். யுத்த காண்டத்தை நினைப்பவர் ஏமாறுவர். அங்கே சேது கட்டப்படுகிறது. கடலே நிலமாக மாற்றப்படுகிறது. படை நடந்து செல்கிறது. நீரைக் கடக்கும் சிக்கல், நீரை நீக்குவதால் தீர்க்கப்படுகிறது. கம்பரின் உண்மையான ஆற்றுப்போர்க் காட்சி அயோத்தியா காண்டத்தின் கங்கை காண் படலத்தில் இருக்கிறது. அங்கே ஒரு துளி குருதியும் சிந்தவில்லை என்பது வேறு செய்தி.

பரதன் பெரும்படையோடு கங்கையின் வடகரைக்கு வருகிறான். தென்கரையில் நிற்கும் குகன், இவன் இராமனை வெல்ல வந்தவன் என்று கருதுகிறான். உடனே அவன் செய்வது என்ன? துறைகளைக் காக்கச் சொல்கிறான். ஓடங்களை ஓட்டாமல் நிறுத்தச் சொல்கிறான். இந்த ஆற்றை இவர்கள் கடந்து போய்விடுவார்களா என்று அவன் கேட்கும் கேள்வியில் வீரம் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. படை எவ்வளவு பெரிதாயினும் ஆற்றங்கரையில் அது ஓடத்தின் அளவுக்குச் சுருங்கிவிடும். நூறாயிரம் பேர் வந்தாலும் ஓடத்துக்கு எத்தனை பேர் கொள்ளுமோ அத்தனை பேரே ஒருமுறையில் வரமுடியும். இதை அறிந்தவன் வேடன், ஓடத்தால் வாழ்பவன். அயோத்தியின் தேர்ப்படைத் தலைவர் எவருக்கும் தோன்றாதது அவனுக்குத் தோன்றுகிறது. பின்னர்ப் பரதனின் மரவுரியையும் வாடிய முகத்தையும் கண்டு மனம் மாறி, அதே ஓடங்களால் அதே படையை அக்கரை சேர்க்கிறான். முன்பு சினத்தில் நிறுத்திய ஓடங்கள் பின்பு அன்பில் ஓடுகின்றன. கம்பர் இங்கே அவசரப்படவில்லை. ஓடங்கள் போவதையும் வருவதையும், யானைகள் நீரில் இறங்குவதையும் நின்று பார்க்கிறார். இப்படலத்தை உடன்பிறப்புப் பாசத்துக்கு எடுத்துக்காட்டாகப் பயிற்றுவிக்கும் ஆசிரியர், இவ்வோட ஆணைக்கும் ஒரு பாடவேளை ஒதுக்கலாம்.

1941-இல் குகன் இல்லாத துறை

குகன் அறிந்ததைப் பினாங்கை ஆண்டவர் மறந்தனர். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் ஜப்பானியர் கோத்தா பாருவின் பாடாங், சபாக் கரைகளில் இறங்கினர். பெர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு ஒருமணி நேரத்துக்கும் முன்னதாக நிகழ்ந்தது அது. வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தது. கரையேறு படகுகள் சில கவிழ்ந்தன. கரையில் டோக்ரா படையினர் காவலரண்களுக்குள் இருந்து சுட்டனர். அவாசிசான் மாரு என்னும் கப்பல் வான்தாக்குதலில் தீப்பற்றியது. இழப்பு மிகுதியாயினும் விடியுமுன் அவர்கள் கரையில் ஊன்றிவிட்டனர்.

அவர்களின் வெற்றிக்கு ஒரு படகு காரணமாயிற்று. டைஹட்சு எனப்பட்ட அது ஏறத்தாழ 14 மீட்டர் நீளமுடையது. எழுபது வீரர் வரை கொள்ளும். முன்பகுதி ஒரு பலகைக் கதவு. கரையை முட்டியதும் அக்கதவு முன்னே சாய்ந்து பாலமாகும். வீரர் பக்கவாட்டில் குதிக்க வேண்டியதில்லை, நேரே ஓடலாம். 1937-இல் சாங்காய்ப் போரின்போது விக்டர் குருலாக் என்னும் இளம் அமெரிக்க அதிகாரி இதைப் படம் பிடித்துத் தம் நாட்டுக்கு அனுப்பினார். நியூ ஆர்லியன்சில் படகு கட்டிய ஆண்ட்ரூ ஹிக்கின்சு பின்னர் தம் படகுகளுக்கும் அத்தகைய முன்கதவை அமைத்தார். நார்மண்டியில் கதவு சாய்த்த படகுகளுக்குள் ஆசியக் கரைகளின் பாடமும் கலந்திருந்தது. நீரிலும் நிலத்திலும் செல்லும் ஊர்திகளின் கதையும் சுவையானது. புளோரிடாவின் சதுப்பு நிலங்களில் புயலில் சிக்கியோரை மீட்பதற்காக டொனால்டு ரோப்ளிங் 1930-களில் செய்த சங்கிலித்தட ஊர்தியே, பசிபிக் தீவுகளில் வீரரைச் சுமந்த ஊர்திக்கு மூதாதை. உயிர் காக்கப் பிறந்தது உயிர் கொல்லச் சென்றது. 1943 நவம்பரில் தராவாவில் நீர்மட்டம் தாழ்ந்திருந்தபோது சாதாரணப் படகுகள் பவளப்பாறையில் முட்டி நின்றுவிட்டன. சங்கிலித்தட ஊர்திகள் மட்டும் ஏறிக் கடந்தன. படகில் வந்தோர் நெடுந்தொலைவு நீரில் நடந்தே குண்டுக்கு இரையாயினர்.

பினாங்கின் கதை இத்தகைய வீரக் கதையன்று. டிசம்பர் 11-ஆம் நாள் ஜார்ஜ் டவுன் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. 16-ஆம் நாள் இரவில் ஆங்கிலேயர் தம்மவரை மட்டும் ஏற்றிக்கொண்டு தீவை விட்டகன்றனர். ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். எஞ்சிய நகரைக் காக்கும் பொறுப்பு, 'ஸ்திரேய்ட்ஸ் எக்கோ' இதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து முதலியோர் மீது விழுந்தது. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரித்தானியக் கொடியை இறக்கியவர் அவரே. தம் வாழ்க்கை நினைவுகளை அவர் 1970-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். 19-ஆம் நாள் ஜப்பானியர் சிறு கலங்களில் நீரிணையைக் கடந்து எதிர்ப்பின்றி நுழைந்தனர்.

போனவர்கள் துறைமுகத்திலிருந்த சிறு கலங்களை அழிக்காமல் விட்டுப் போயினர். அக்கலங்களில் பல ஜப்பானியரின் கரையோரப் படையெடுப்புக்கு உதவின. 1942 சனவரித் தொடக்கத்தில் கீழ்ப் பேராக்கில் கடல்வழி இறங்கிய படை, கம்பாரில் உறுதியாக நின்று பொருத பிரித்தானிய, இந்தியப் படைகளைப் பின்னிருந்து அச்சுறுத்திப் பின்வாங்கச் செய்தது. முன்னணியில் குண்டுக்கு அசையாத அணி, பின்னே வந்த படகுகளால் அசைந்தது. மூவார் ஆற்றைக் கடக்கவும் சாம்பான்கள் உதவின. பிப்ரவரி 8-ஆம் நாள் இரவில் ஜொகூர் நீரிணையை மடக்குப் படகுகளும் விசைப்படகுகளும் கடந்தன. துறையைக் காமின், ஓடத்தை நிறுத்துமின் என்ற குகனின் ஆணையை எவரேனும் பினாங்கில் இட்டிருந்தால் மலாயாவின் தோல்வி தவிர்ந்திருக்கும் என்று கூறுவது மிகை. சில நாள்கள் தாழ்ந்திருக்கும் என்பது மிகையன்று.

புனைவில் கடல்

இவ்வளவும் நிகழ்ந்த கரையில் வாழும் தமிழரின் எழுத்தில் இவற்றுக்கு எவ்வளவு இடம்? கடல்வழிப் படையெடுப்பு என்றதும் தமிழ் வாசகர்க்கு நினைவில் வருவது சாண்டில்யனின் 'கடல் புறா'. கடாரமும் சிறீவிசயமும் அதில் களங்கள். கருணாகரன் அதில் கடலோடி. கதைச் சுவையில் அதற்கு நிகர் குறைவு. கலங்களைப் பற்றி அறிந்து எழுத முயன்றவர் சாண்டில்யன் என்பதையும் மறுத்தல் கூடாது. ஆயினும் அக்கடல் வீரனின் திறமைக்கு அரங்கமாக அமைக்கப்பட்ட கடல். தலைவன் எண்ணியபடி அலை நடக்கும். அச்சம் பகைவனுக்கு மட்டுமே உரியது.

இதற்கு நேர்மாறான கடல் ப. சிங்காரத்தினுடையது. சிங்கம்புணரியில் பிறந்து, இளமையில் மேடானுக்குச் சென்று, போர்க்காலத்தை அங்கே கண்டு, 1946-இல் தாயகம் திரும்பியவர் அவர். 1972-இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி' மேடானில் தொடங்கிப் பினாங்கு வழியே விரிகிறது. நீரிணையைக் கடக்கும் கலம் புயலில் சிக்கும் பகுதி அந்நாவலின் உச்சம். அங்கே சொற்றொடர்கள் முறிந்து முறிந்து விழுகின்றன. வினைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. எழுவாய் எங்கோ மூழ்கிவிடுகிறது. கலத்தில் இருப்பவன் வீரனா கோழையா என்ற கேள்விக்கே பொருளில்லாமற் போகிறது. அகழிக்குள் தொல்காப்பியர் கண்ட பாசியை, விலகியும் கூடியும் மூடும் அந்நீரை, ஈராயிரம் ஆண்டு கழித்து மலாக்கா நீரிணையில் கண்டு எழுதியவர் சிங்காரம் எனலாம். நாவலில் அத்தோணி போர்க்கலம் அன்று, பயணக் கலம். போர் நடக்கும் காலத்தில், போர் நடக்கும் கடலில், போர்க்கலம் அல்லாத ஒன்றைத் தேர்ந்ததாலேயே அவர் வெற்றி பெற்றார் என்றும் சொல்லலாம். வெற்றி முழக்கத்துக்கு அங்கே வாய்ப்பே இல்லை.

மலேசிய நாவல்களின் போர்நினைவு வேறு திசையில் சென்றது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவற்றின் களம் காடும் தண்டவாளமும். தோட்டத்திலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவனுக்குப் போர் என்பது படகில் வரவில்லை. சரக்கு ரயில் பெட்டியில் வந்தது. ஆகவே கரைக்காட்சி அவற்றில் இல்லை என்று குறை கூறுவது திறனாய்வாகாது. எழுத்தாளன் தன் மக்கள் நின்ற இடத்திலிருந்தே எழுதுகிறான்.

ஆனால் தமிழர் நின்ற ஒரு கரை உண்டு. அது பெரும்பாலும் எழுதப்படாமலே கிடக்கிறது. 1945 பிப்ரவரி 14-ஆம் நாள் பர்மாவில், பாகான் அருகே நியாவுங்கூவில், ஏழாம் இந்தியப் படைப்பிரிவு ஐராவதி ஆற்றைக் கடக்க முற்பட்டது. ஒரு கிலோமீட்டருக்கும் மிகுந்த அகலமுடைய ஆறு. மணல் திட்டுகள் மறைந்து கிடக்கும் நீர். எதிர்க்கரையைக் காத்தோருள் இந்திய தேசிய இராணுவத்தின் நேரு படையணியும் ஒன்று. குருபக்ஷ் சிங் தில்லான் அதன் தலைவர். மலாயாவில் சேர்ந்த தமிழர் பலர் அதில் இருந்தனர். பால் மரம் சீவிய கைகளில் துப்பாக்கி ஏந்தியோரும் அவர்களுள் உண்டு. இருளில் சத்தமின்றித் துடுப்பிட்டுச் சென்ற முதல் அணி மறுகரையை அடைந்தது. விடியலில் புறப்பட்ட படகுகளின் விசைப்பொறிகள் பழுதுபட்டன. நீரோட்டம் அவற்றைக் கீழே இழுத்தது. கரையிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கின. படகுகள் திரும்பின. பின்னர்ப் பீரங்கிகளும் விமானங்களும் துணைநிற்கப் பஞ்சாபிப் படையினர் கடந்தனர். பாகான் பக்கத்திலோ இந்திய தேசிய இராணுவத்தினர் சிலர் வெள்ளைக்கொடியோடு வந்து சரணடைந்தனர்.

படகில் வந்தவர்களுள்ளும் இந்தியர் பலர். கரையில் இருந்தவர்களும் இந்தியர். ஒருபக்கம் முழங்கிய துப்பாக்கி, மறுபக்கம் உயர்ந்த வெள்ளைத் துணி, இரண்டும் ஒரே படையணியின் ஒரே நாள். இதைத் துரோகம் என்றோ தியாகம் என்றோ ஒரு சொல்லில் அடைக்க முயலும் எழுத்து தோற்கும். 'இமையத் தியாகம்' முதலிய நாவல்களால் அப்படையின் கதை தமிழ் வாசகரிடம் வந்திருக்கிறது. ஆயினும் அந்த ஆற்றங்கரையில் ஒரு விடியற்காலம், ஒரு தோட்டத் தொழிலாளியின் கண்ணால், ஆரவாரமின்றி எழுதப்படும் நாளுக்குத் தமிழ்ப்புனைவு இன்னும் காத்திருக்கிறது. மேலே ஓடும் படகிலிருந்து பார்க்கும் ஆங்கில நூல்கள் பல உண்டு. கரையிலிருந்து, மணற்குழிக்குள்ளிருந்து, படகு நெருங்குவதைப் பார்ப்பவனின் நூல் அரிது.

சொல் பற்றிய ஒரு குறிப்பு

இத்தகைய கதையை எழுத முனைவோர்க்கு முதலில் தடையாவது சொல். செய்தித்தாள்கள் 'தரையிறங்கும் படகு' என்று எழுதுகின்றன. வானூர்தி தரையிறங்கும், படகு எவ்வாறு தரையிறங்கும்? நீர்மட்டத்திலிருந்து கரை உயரத்தில் அன்றோ இருக்கிறது? 'கரையேறு படகு' என்பதே பொருந்தும். அதில் பழைய பொருளும் உடன் வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. துன்பம் தீர்தல் என்னும் பொருளோடு துன்பம் தொடங்குதல் மோதும்போது சொல்லுக்கு வலிமை கூடும். நீரிலும் நிலத்திலும் ஓடும் ஊர்திக்கு 'நீர்நில ஊர்தி' போதும். 'டக்' என்று வீரர் அழைத்த ஆறு சக்கர ஊர்தியை 'டக்' என்றே எழுதலாம்; 'வாத்து' என்று மொழிபெயர்த்துச் சிரிப்பூட்ட வேண்டியதில்லை.

அதனினும் பெரிய குறை, எல்லாவற்றையும் 'கப்பல்' என்று எழுதிவிடுவது. அம்பி, புணை, தெப்பம், ஓடம், பரிசல், தோணி, வங்கம், நாவாய் என்று வேறுபடுத்திப் பேசிய மொழி இது. இந்நாட்டுக்கு வந்து சாம்பான், தொங்கான் என்பவற்றையும் சேர்த்துக்கொண்டது. எந்தக் கலம் என்று தெரிந்தால் எவ்வளவு ஆழம் என்று தெரியும். எவ்வளவு ஆழம் என்று தெரிந்தால் வீரன் எங்கே இறங்குவான், எத்தனை அடி நடப்பான், எப்போது சுடப்படுவான் என்பதும் தெரியும். 'குண்டுமழை பொழிந்தது, வீரர் கரையேறினர்' என்று எழுதுபவரிடம் இவற்றுள் ஒன்றும் இல்லை. சயங்கொண்டாரிடமாவது சந்தம் இருந்தது.

ஆழம் பற்றிய அறியாமை எழுத்தாளர்க்கு மட்டும் உரியதன்று. ஜப்பான் பணிந்தபின், 1945 செப்டம்பர் 9-ஆம் நாள், முன்பே வகுத்த திட்டப்படி பிரித்தானிய, இந்தியப் படைகள் சிலாங்கூரின் மோரிப் கரையில் இறங்கின. எதிர்ப்பவர் எவரும் இல்லை. ஒரு துப்பாக்கியும் முழங்கவில்லை. ஆயினும் மணலின்கீழ் இருந்த சேறு படையின் ஊர்திகளை விழுங்கியது. பொறி நனைந்து பல ஊர்திகள் நீரிலேயே நின்றுவிட்டன. அன்று எதிரி காத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று படைவரலாற்றாசிரியர் இன்றும் வினவுவர். ஆழ்ந்த சேற்றுக்குத் தமிழில் 'அளறு' என்றொரு பழஞ்சொல் உண்டு. அதற்கே நரகம் என்னும் பொருளும் உண்டு. மெர்போக் கழிமுகத்தில் சோழனின் வீரர் கால் வைத்ததும் இதே மேலைக் கடற்கரையின் இதே சேற்றில்தான்.